இரண்டாவது தகட்டில் கீறல் இல்லை

காட்பாடியில் பொறியியல் படிக்கும் தம்பி ஒருவர் கேட்டிருக்கும் கேள்வி இது. விடுதி நண்பர் அவருக்கு 'இன்ஃபெக்டட் மஷ்ரூம்' என்னும் இஸ்ரேலிய இருவர் குழுவின் 'கன்வெர்ட்டிங் வெஜிடேரியன்ஸ்' என்ற சைகடெலிக் டிரான்ஸ் (சுருக்கமாகச் சை டிரான்ஸ் என்னும் மின்னணு நடன இசை) ஆல்பத்தைக் கொடுத்திருக்கிறார். முதல் பாதி ஓயாமல் ஒரே அடியாக அடிக்கிறது என்றும், இரண்டாம் பாதி டிரான்ஸ் போலவே இல்லை என்றும், பாட்டு எது பின்னணி எது என்றே பிடிபடவில்லை என்றும் எழுதிவிட்டு, "இதை எப்படிக் கேட்பது? கேட்பதற்கு இதில் உண்மையிலேயே ஏதாவது இருக்கிறதா, அல்லது இரசிப்பதாகப் பாவனை செய்கிறார்களா?" என்று முடித்திருக்கிறார்.

இருக்கிறது. பாவனை செய்கிறவர்களும் இருக்கிறார்கள், அவர்களை விட்டுவிடுவோம். நீங்கள் மெட்டைத் தேடிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறீர்கள் என்று நினைக்கிறேன். நமக்கெல்லாம் பிறந்தது முதல் பழக்கம் அது: முதலில் பல்லவி காதில் விழ வேண்டும், பிறகுதான் தபேலாவும் வயலினும். இந்த இசையில் மெட்டுக்குரிய வேலையை ஒலியின் நிறம் செய்கிறது. ஒரே சுரம் பல நிமிடங்கள் ஒலித்துக்கொண்டே இருக்கும். அந்தச் சுரத்தின் நிறம் மட்டும் மாறிக்கொண்டு போகும். அந்த மாற்றத்தைத் தொடர்ந்து போகத் தெரிந்துவிட்டால் முதல் பாதி திறந்துகொள்ளும். இரண்டாம் பாதி வேறு விவகாரம். அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

நான் இசை பயின்றவன் அல்லன். வேலூரில் சத்துவாச்சாரிப் பக்கம் மைக் செட் கடை வைத்திருப்பவன். அப்பா காலத்தில் புளியமரத்து உச்சியில் கட்டும் இரண்டு கூம்பு ஒலிபெருக்கியும் ஓர் ஆம்ப்ளிஃபயரும் ஒரு மைக்கும்தான் எங்கள் முதல். இன்று பதினெட்டு அங்குல சப்-ஊஃபர் வரை வந்துவிட்டது. காதுகுத்து, மஞ்சள் நீராட்டு, கட்சிக் கூட்டம், கல்லூரி விழா, கூத்து என்று எல்லாவற்றுக்கும் போகிறவன் என்பதால் எந்த ஒலி எங்கே நிற்கும், எது எதை மறைக்கும் என்பது கையோடு வந்த அறிவு. அந்த அறிவை நம்பித்தான் இந்த ஆல்பத்திடம் நான் ஏமாந்தேன்.

2004-ஆம் ஆண்டு. விடுதி விழாவுக்கு செட் வாடகைக்குப் பேச வந்த மாணவர் ஒருவர் பெயர் எழுதாத இரண்டு சிடிகளைக் கொடுத்து, "அண்ணா, இதைப் போட்டு செட்டைச் சோதித்து வையுங்கள்" என்று சொல்லிவிட்டுப் போனார். கைக்கு வந்த ஒன்றைப் போட்டேன். தாளம் பாதியில் அறுந்தது. மீண்டும் ஒட்டிக்கொண்டு இரண்டு அடி போய் மறுபடி அறுந்தது. டேப் ரெக்கார்டரில் நாடா சிக்கிக்கொண்டால் எழும் இழுவை ஒன்று இடையில் வந்தது. தகர டப்பாவுக்குள் நின்று பேசுவதுபோல ஒரு குரல் வந்தது. சிடியில் கீறல் என்று முடிவு செய்து, கட்டியிருந்த குடியாத்தம் லுங்கியின் முனையால் மூன்று முறை துடைத்தேன். பிளேயரை மாற்றினேன். ஸ்பீக்கர் ஒயரின் முனை ஒன்றைப் பெயர்த்தெடுத்துப் புதிதாக ஈயம் வைத்தேன். அரை மணி நேரம் கழித்து, கடையில் வேலை பார்த்த பையன் அந்தச் சிடியைப் பக்கத்து ஜெராக்ஸ் கடைக் கணினியில் போட்டுப் பார்த்துவிட்டு வந்து, "அங்கேயும் இதே இடத்தில்தான் அறுகிறது" என்றான். அப்போதுதான் உறைத்தது. அறுந்த இடங்கள் ஒவ்வொன்றும் தாளத்தின் மேல் மிகச் சரியாக விழுந்திருந்தன. கீறல் தாளம் பார்த்து விழாது.

நான் கேட்டது இரண்டாவது தகடு. இந்த ஆல்பம் 2003-இல் இரண்டு தகடுகளாக வெளிவந்தது. ஒன்றுக்கு 'டிரான்ஸ் பக்கம்' என்றும் மற்றதற்கு 'மறுபக்கம்' என்றும் பொருள்படும் பெயர்களை அவர்களே வைத்திருக்கிறார்கள். நீங்கள் முதல் பாதி, இரண்டாம் பாதி என்று உணர்ந்த பிளவு உங்கள் காதின் குறை அன்று; அது அட்டையிலேயே அச்சிட்டிருந்த பிளவு. கைப்பேசியில் இருபதுக்கும் மேற்பட்ட பாடல்கள் ஒரே வரிசையில் நிற்பதால் அது கண்ணுக்குத் தெரியாமல் போய்விட்டது. ஷஃபிள் பொத்தானையும் அழுத்தியிருந்தீர்களானால் கேட்கவே வேண்டாம்: இட்லிக்கு நடுவில் ஐஸ்கிரீம் வைத்த கதை.

மரபு மீறல் காதில் விழ வேண்டுமென்றால் மரபு என்ன என்று முதலில் தெரிந்திருக்க வேண்டும். சை டிரான்ஸின் மரபு மிகவும் கண்டிப்பானது. நிமிடத்துக்கு 138 முதல் 150 அடி வரை வேகம் இருக்கும். 145 என்று வைத்துக்கொண்டால் ஓர் அடிக்கும் அடுத்ததற்கும் இடையே 0.41 வினாடி; அதை நான்காகப் பகுத்தால் ஒவ்வொரு பகுதியும் ஏறத்தாழ 0.10 வினாடி. நம் சொற்கட்டில் இது 'தகதிமி'. 'த' விழும் இடத்தில் கிக் என்னும் பெரிய முரசடி. 'க', 'தி', 'மி' என்ற மூன்றிலும் பேஸ் என்னும் தாழ்ந்த சுர ஒலி. முரசு அடிக்கும் இடத்தில் பேஸ் வாயை மூடிக்கொள்ளும். இரண்டும் குடியிருப்பது பெரும்பாலும் 40 முதல் 100 ஹெர்ட்ஸ் வரையிலான ஒரே வீட்டில்தான் என்பதால், சேர்ந்து விழுந்தால் ஒன்றையொன்று குழப்பிச் சேறாக்கிவிடும். தவிலுக்கும் பேஸ் கிதாருக்கும் ஒரே மேடையில் மைக் வைத்தவர்களுக்கு இந்தச் சேறு நன்றாகத் தெரியும். முரசும் பேஸும் இடம்விட்டு இடம் மாறி ஓடுவதால்தான் அந்தக் குதிரைப் பாய்ச்சல் கிடைக்கிறது. சில இடங்களில் பேஸ் மட்டும் திடீரென்று 'தகிட' என்று திஸ்ர நடைக்குத் தாவிவிட்டுத் திரும்பும். கீழே முரசு அசையாமல் நிற்க, மேலே மூன்று மூன்றாக எண்ணிக்கை ஓடுவதைப் பிடித்துவிட்டால் சிரிப்பு வரும்.

அடுத்தது, மாற்றங்கள் வரும் காலக் கணக்கு. ஓர் அடியை ஓர் அட்சரமாகக் கொண்டு ஆதி தாளம் போட்டுப் பாருங்கள். 145 வேகத்தில் ஓர் ஆவர்த்தனம், அதாவது எட்டு அடி கொண்ட ஒரு சுற்று, 3.3 வினாடியில் முடிந்துவிடும். நான்கு ஆவர்த்தனத்துக்கு ஒரு முறை, அதாவது 13 வினாடிக்கு ஒரு முறை, சிறியதாக ஏதோ ஒன்று மாறும். எட்டு அல்லது பதினாறு ஆவர்த்தனத்துக்கு ஒரு முறை பெரிய மாற்றம் வரும். புதிய ஒலி ஒன்று நுழையும், பழையது ஒன்று விடைபெறும், அல்லது முரசு மட்டும் சற்று நேரம் நின்று போகும். தொடையில் தட்டிக்கொண்டு இரண்டு பாடல்களை இப்படி எண்ணிக் கேட்டால் போதும். மூன்றாவதில் மாற்றம் வரப்போவதை உடம்பு முன்னாலேயே அறிந்துகொள்ளும். எந்தக் கேட்போரும் முதலில் கற்றுக்கொள்ள வேண்டியது இதுதான் என்பது என் கருத்து. ஏனென்றால் மரபை மீறுகிறவர்கள் விளையாடுவது இந்த எதிர்பார்ப்போடுதான்.

நிறம் என்று சொன்னேனே, அதற்கு ஒரு சோதனை. கதவைச் சாத்திக்கொண்டு, ஏதாவது ஒரு சுருதியைப் பிடித்து 'ஊ' என்று இழுங்கள். சுருதியை மாற்றாமல், மூச்சையும் விடாமல், மெதுவாக 'ஊ'வை 'ஈ'யாக மாற்றிக்கொண்டு போங்கள். சுரம் ஒன்றேதான், ஆனால் உள்ளே மெல்லிய விசில் போன்ற ஒன்று மேலேறிக்கொண்டு போவதைக் கவனித்தால் கேட்கலாம். உங்கள் வாய் செய்த வேலையை, மின்னணு முறையில் ஒலியை உண்டாக்கும் சின்தசைசர் என்ற கருவியில் ஃபில்டர் என்ற உறுப்பு செய்கிறது. பல மேற்சுரங்கள் அடங்கிய கரடுமுரடான ஒலி ஒன்றை எடுத்துக்கொண்டு, எந்த உயரத்துக்கு மேலுள்ளவற்றை மறைப்பது என்ற எல்லையை அது ஏற்றியும் இறக்கியும் விளையாடும். ஏழு நிமிடப் பாடல் ஒன்றில் 'என்ன நடக்கிறது' என்று கேட்டால், பாதி நேரம் நடப்பது இதுதான்.

இந்த விளையாட்டுக்குப் பெயர்போன கருவி ரோலண்ட் நிறுவனத்தின் டிபி-303. தனியாகப் பாடி வாசிப்பவர்களுக்கு பேஸ் கிதார்க்காரர் இல்லாத குறையைத் தீர்ப்பதற்காக 1981-இல் வந்தது. கிதார் போலவே ஒலிக்காததால் விலை போகாமல் 1984-இல் நின்றுபோனது. அடிமாட்டு விலைக்குக் கைமாறிய அந்தப் பெட்டிகளை சிகாகோ நகரத்து இளைஞர்கள் வாங்கி, செய்யக்கூடாத அளவுக்குக் குமிழ்களைத் திருகியதில் 1987 வாக்கில் ஆசிட் ஹவுஸ் என்ற இசை பிறந்தது. அந்தப் பிசிறடிக்கும் குரல் அங்கிருந்து டிரான்ஸுக்கு வந்தது. பதினாறு கட்டங்களில் சுரங்களை நிரப்பி ஓட விடுவதுதான் அதன் முறை. எந்தக் கட்டத்தில் அழுத்தம், எந்தக் கட்டத்திலிருந்து அடுத்ததற்கு வழுக்கல் என்று குறித்துவிடலாம். அந்த வழுக்கல் நம் ஜாருவுக்கு ஒன்றுவிட்ட தம்பி. கமகத்தோடு வளர்ந்த காதுக்கு இது அந்நியமாகப் படவேண்டிய அவசியமே இல்லை.

சுர வரிசையிலும் அப்படித்தான். இந்த இசையில் அடிக்கடி வரும் வரிசை ஒன்று நம் வகுளாபரண இராகத்தின் சுரங்களை அப்படியே கொண்டது. சரளி வரிசை கற்றவர்கள் மாயாமாளவகௌளையில் நிஷாதத்தை மட்டும் காகலியிலிருந்து கைசிகிக்கு இறக்கிப் பாடிப் பார்க்கலாம். சுரம்தான் ஒன்று, இராகம் ஒன்று என்று சொல்லமாட்டேன். கமகமும் சஞ்சாரமும் இல்லாத இடத்தில் இராகம் ஏது? ஆனாலும், "கோயிலில் கேட்டது போல இருக்கிறதே" என்ற மயக்கம் வருவதற்குக் காரணம் இதுதான், வேறு மாயம் எதுவும் இல்லை.

பாடல்கள் ஏன் ஏழு, எட்டு நிமிடம் நீள்கின்றன, ஏன் முதல் ஒரு நிமிடம் வெறும் தாளமாகவே போகிறது என்றும் தோன்றியிருக்கும். அதற்கு இந்த இசை பிறந்த கோவாவுக்குப் போக வேண்டும். 1970-களில் அஞ்சுனா கடற்கரையில் தங்கிவிட்ட வெளிநாட்டவர்களின் நிலா வெளிச்ச விருந்துகளில் தொடங்கிய பழக்கம், எண்பதுகளில் மின்னணு இசைக்கு மாறி, தொண்ணூறுகளில் கோவா டிரான்ஸ் என்ற பெயரோடு உலகம் சுற்றியது. சான் பிரான்சிஸ்கோவிலிருந்து வந்து அங்கேயே வேரூன்றி, 2023-இல் மறைந்த கோவா கில் அதன் முக்கிய ஆள். மணலும் உப்புக்காற்றும் வெயிலும் இருக்கும் இடத்தில் கிராமபோன் தட்டு தாங்காது. ஆகவே கேசட்டிலும், 1987-இல் சோனி கொண்டுவந்த டாட் என்ற சிறிய எண்மின் நாடாவிலும்தான் இசையை ஓட்டினார்கள். தட்டின் வேகத்தை விரலால் கூட்டிக் குறைத்து இரண்டு பாடல்களைப் பொருத்துவதுபோல அந்த நாடாவில் செய்ய முடியாது. ஒரு பாட்டின் வால் வெறும் தாளமாகவும், அடுத்ததன் தலை வெறும் தாளமாகவும் இருந்தால்தான் தையல் தெரியாமல் ஒட்டலாம். கருவியின் குறைபாடு அப்படியே இலக்கணமாகிவிட்டது. எங்கள் தொழிலில் இதைப் போல நிறைய உண்டு; கூம்பு ஒலிபெருக்கியில் ஏறத்தாழ 300 ஹெர்ட்ஸுக்குக் கீழ் எதுவும் வராது என்பதால்தான் அந்தக் காலத்துத் திருவிழாப் பாட்டு என்றாலே மூக்கால் பாடுவதுபோல நம் நினைவில் நிற்கிறது.

இப்போது இரண்டாவது தகடு. மேலே சொன்ன விதிகளை ஒவ்வொன்றாக எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். வேகம்? குறைந்துவிட்டது. நான்கு அடியும் சமமாக விழும் முரசு? பல இடங்களில் இல்லை. உடைத்துக் கலைத்த தாளம் வருகிறது. நீளம்? மூன்று நிமிட அளவிலேயே முடிந்துவிடும் பாட்டும் உண்டு. மனிதக் குரலை மிக அரிதாக, அதுவும் ஒன்றிரண்டு சொற்களுக்கு மட்டும் பயன்படுத்தும் மரபில், இங்கே குரல் வந்து பாடுகிறது. அதையும் இயந்திரத்துக்குள் விட்டுத் திரித்தெடுத்துப் பாடவைத்திருக்கிறார்கள். ஆல்பத்தின் பெயரைத் தாங்கிய பாடலே டிரான்ஸ் பக்கத்தில் இல்லை, மறுபக்கத்தில்தான் இருக்கிறது. சைவக்காரர்களை மாற்றுவது என்று தலைப்பு வைத்தவர்கள் யாரைச் சைவக்காரர்கள் என்று நினைத்தார்கள் என்பதை அந்த இடத்திலிருந்தே ஊகிக்கலாம் என்று நான் நினைக்கிறேன்: டிரான்ஸைத் தவிர வேறெதையும் தொடமாட்டேன் என்றிருந்த தங்கள் சொந்த இரசிகர்களைத்தான். (ஆம்பூர் பிரியாணியா வாணியம்பாடி பிரியாணியா என்று அடித்துக்கொள்ளும் நம் பக்கத்தில் இந்தத் தலைப்புக்கு வேறு அர்த்தமும் சொல்லிச் சிரித்தோம்.) அதற்கடுத்த ஆண்டுகளில் அவர்கள் குரலையும் ராக் கிதாரையும் மேலும் மேலும் சேர்த்துக்கொண்டே போனார்கள், பழைய இரசிகர்களில் ஒரு பகுதியினர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள்.

இதைக் கேட்கும் வழி எனக்குக் கூத்திலிருந்துதான் கிடைத்தது. வட ஆர்க்காட்டுக்காரர்களுக்குக் கூத்தை விளக்க வேண்டியதில்லை என்றாலும், விடுதியில் பிற மாவட்டத்துப் பிள்ளைகளும் இருப்பார்கள். திரௌபதி அம்மன் திருவிழாவில் இரவு பத்து மணி வாக்கில் தொடங்கும் பாரதக் கூத்து விடியும்வரை போகும். முகவீணை என்னும் சிறிய ஊதுகுழல், ஆர்மோனியம், மிருதங்கம், தாளம் இவ்வளவுதான் பக்க இசை. செய்யாற்றுப் பக்கம் ஒரு கிராமத்தில் செட் போட்டுவிட்டு ஆம்ப்ளிஃபயர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். இரவு இரண்டு மணி இருக்கும். பிள்ளைகள் பாயில் வரிசையாகத் தூங்கிவிட்டார்கள். முகவீணைக்காரர் ஒரே சுரத்தைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார். கன்னம் உப்பி உப்பி இறங்குகிறது, மூச்சு அறுவதில்லை, சுரமும் நகர்வதில்லை. ஆனால் சீவாளியை உதடு அழுத்தும் அழுத்தம் மாற மாற ஒலி ஒரு நேரம் கூர்மையாகவும் ஒரு நேரம் மூடியது போலவும் வருகிறது. நான் மிக்சரில் கைவைத்து அதைச் சமன் செய்யப் போனேன். பக்கத்தில் இருந்த பெரியவர் என் மணிக்கட்டைப் பிடித்து, "அதை விடுப்பா, அவரு வேணும்னுதான் பண்றாரு" என்றார். மேலே ஃபில்டரைப் பற்றி நான் எழுதிய பத்தி முழுவதும் அந்த ஒரு வாக்கியத்துக்குள் அடங்கும்.

கூத்தில் கோமாளியான கட்டியங்காரன் வருவதையும் நினைத்துக்கொள்ளுங்கள். துரியோதனன் கிரீடமும் புஜக்கட்டையுமாகச் சுற்றிச் சுற்றி ஆடி, தாளம் உச்சத்தில் ஏறி நிற்கும் நேரத்தில் இவன் நுழைந்து, அந்த ஊர்த் தண்ணீர்த் தொட்டியைப் பற்றியும் பேருந்து வராததைப் பற்றியும் பேசத் தொடங்குவான். தாளம் அறுந்துவிட்டதே என்று யாரும் எழுந்து போவதில்லை. அறுத்தது யார், எதை அறுத்தான், எப்போது திரும்பி ஒட்டுவான் என்பதையெல்லாம் கூட்டம் அறியும். பாரதம் தெரியாத ஒருவர் கட்டியங்காரனுக்குச் சிரிக்கலாம். ஆனால் எதற்காகச் சிரிக்கிறோம் என்பது பாதிதான் விளங்கும். மறுபக்கத் தகட்டை முதலில் கேட்டபோது என் நிலை அதுதான். பாரதம் தெரியாமல் கட்டியங்காரனைக் கேட்டு, மைக் பழுது என்று நினைத்துவிட்டேன்.

ஆகவே வரிசை இப்படி இருக்கட்டும். முதல் நாள் அதே குழுவின் 2000-ஆம் ஆண்டு ஆல்பமான 'கிளாசிக்கல் மஷ்ரூம்' என்பதிலிருந்து இரண்டு பாடல்கள், ஆவர்த்தனம் எண்ணிக்கொண்டு. இருவரும் சிறு வயதில் பியானோ முறையாகக் கற்றவர்கள் என்பதால் அதில் மெட்டும் ஓரளவு உண்டு. உங்களுக்குப் பிடிமானம் கிடைக்கும். இரண்டாம் நாள் 'கன்வெர்ட்டிங் வெஜிடேரியன்ஸ்' டிரான்ஸ் பக்கம் முழுவதும். ஒரு நாள் இடைவெளி விட்டு மறுபக்கம் முழுவதும், இடையில் எதையும் தாண்டாமல். இரண்டு தகடுகளும் சேர்ந்தால் இரண்டு மணி நேரத்துக்கு மேல் வரும். ஒரே மூச்சில் கேட்பது வீரம், ஆனால் பயனற்ற வீரம். மறுபக்கத்தைக் கேட்கும்போது தாளத்தைப் பிடிக்கப் போகாமல், ஏதாவது ஓர் ஒலியை மட்டும் தேர்ந்தெடுத்து, அது எப்போது நுழைகிறது, என்ன ஆகிறது, எங்கே போய் மறைகிறது என்று அதன் பின்னாலேயே போங்கள். திருவிழாக் கூட்டத்தில் ஒரு சிவப்புச் சட்டையைக் குறிவைத்துக்கொண்டு நடப்பதுபோல. அது தொலைந்துபோனால் அடுத்த சட்டை.

எதில் கேட்கிறீர்கள் என்பதும் முக்கியம். கைப்பேசியின் ஸ்பீக்கரில் கேட்டிருந்தால் நீங்கள் இந்த இசையைக் கேட்கவே இல்லை என்றுதான் சொல்வேன். 'கதிமி' முழுவதும் அதில் வராது. 'த' மட்டும் டப்பாவைத் தட்டுவதுபோல வரும். 'ஒரே அடியாக அடிக்கிறது' என்று நீங்கள் எழுதியதில் பாதிப் பழி அந்த ஸ்பீக்கருக்கு. விடுதிகளில் வைத்திருக்கும் சிறிய புளூடூத் ஸ்பீக்கர்கள் கீழ் ஒலியை இட்டுக்கட்டிப் பெரிதாக்கும், அதுவும் வேண்டாம். காதை முழுவதும் மூடும் ஒயர் ஹெட்ஃபோன், சாதாரண விலையில் கிடைப்பதே போதும். காட்பாடியிலிருந்து சென்னை போகும் இரயிலில் கேட்காதீர்கள். தண்டவாளத்தின் உறுமலும் பேஸும் ஒரே இடத்துக்குப் போட்டி போடுவதால் சத்தத்தைக் கூட்டுவீர்கள், காதுதான் கெடும். உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி 80 டெசிபலில் வாரம் 40 மணி நேரம் கேட்கலாம். 90 டெசிபல் என்றால் வாரத்துக்கு 4 மணி நேரம்தான். எங்கள் தொழிலில் ஐம்பது வயதுக்குள் ஒரு காது மந்தமானவர்கள் பலர்.

வேலூர்க்காரர்களுக்கென்று இன்னொரு தொல்லை உண்டு: மின்விசிறி. சித்திரை, வைகாசியில் அதை நிறுத்திவிட்டுக் கேள் என்று சொன்னால் நீங்கள் என்னை மன்னிக்கமாட்டீர்கள். ஆனால் அது ஓடினால் இந்த இசையின் நுணுக்கமான பாதி, அதாவது ஒலி மறைந்து தேயும் வால் பகுதிகள் எல்லாம், அதன் இரைச்சலுக்குள் புதைந்துவிடும். விடியற்காலை நாலரை மணிக்கு மொட்டைமாடி. இதைவிட நல்ல இடம் நம் ஊரில் எனக்குத் தெரியாது. இந்த இசை விடியலை எண்ணிச் செய்த இசை என்பதும் ஒரு காரணம். கோவா விருந்தும் கூத்தும் இரவைக் கடந்து வெளிச்சத்தில் முடிந்தவை. இரவு பத்து மணி முதல் காலை ஆறு மணி வரை ஒலிபெருக்கி கூடாது என்ற 2000-ஆம் ஆண்டு ஒலி மாசு விதிகள் இரண்டின் தலையிலும் ஒன்றுபோலவே விழுந்தன. விதி நியாயமானதுதான், மருத்துவமனை நிறைந்த ஊரில் வாழ்கிறேன், எனக்குத் தெரியாதா? ஆனாலும் மைக் இல்லாத கூத்து பிழைத்துக்கொண்டது, மைக் செட்காரன்தான் சிரமப்பட்டான்.

உங்கள் கேள்வியில் இல்லாத ஒன்றையும் சேர்த்துக்கொள்கிறேன், ஏனென்றால் இதைச் சொல்ல வாய்ப்புக் கிடைத்தால் நான் விடுவதில்லை. மும்பைத் திரையிசையில் வாசித்துவந்த சரண்ஜித் சிங் என்பவர், அதே டிபி-303 பெட்டியை வாங்கி, தாளத்துக்கு டிஆர்-808, மேலே ஜூபிடர்-8 சின்தசைசர் என்று வைத்துக்கொண்டு, 1982-இல் பத்து இந்துஸ்தானி இராகங்களை டிஸ்கோ தாளத்தில் பதிவு செய்தார். சிகாகோக்காரர்கள் குமிழைத் திருகுவதற்கு ஐந்து ஆண்டுகளுக்கு முன்னால்! வந்த வேகத்தில் மறந்துபோன அந்தத் தட்டை 2010-இல் மறுபதிப்பாகக் கேட்டபோதுதான் உலகம் வாயைப் பிளந்தது. சிகாகோவில் யாரும் அவரைக் கேட்டுத்தான் ஆரம்பித்தார்கள் என்று சொல்ல ஆதாரம் இல்லை. பெருமைக்காக அப்படிச் சொல்பவர்களை நம்பாதீர்கள். அதில் மால்கௌன்ஸ் வரும், நமக்கு இந்தோளம். பூபாளி வரும், நமக்கு மோகனம். யமன் வரும், நமக்குக் கல்யாணி. தெரிந்த இராகம் 303-இன் குரலில் வழுக்கிக்கொண்டு போவதை ஒரு முறை கேட்டுவிட்டால், அந்தக் குரல் பிறகு எந்த ஆல்பத்தில் வந்தாலும் பரிச்சயமானவரின் குரல் ஆகிவிடும்.

இதே வகையில் அடுத்து எதைக் கேட்பது என்றால், 1998-இல் வந்த ஷ்பாங்கிள் குழுவின் முதல் ஆல்பத்தைச் சொல்வேன். 'ஹாலுசினஜன்' என்ற பெயரில் கண்டிப்பான மரபு டிரான்ஸை 1995-லேயே செய்து காட்டிய சைமன் போஸ்ஃபோர்டும், ராஜா ராம் என்ற பெயரில் புல்லாங்குழல் வாசிக்கும் ஆஸ்திரேலியரும் சேர்ந்தது அது. வேகத்தைப் பாதியாக்கி நிறத்தை இரட்டிப்பாக்கினார்கள். குழல் ஒலி வருமிடத்தில் நம் காது தானாகவே வீட்டுக்கு வந்துவிடும். ஜூனோ ரியாக்டரின் 1997-ஆம் ஆண்டு 'பைபிள் ஆஃப் டிரீம்ஸ்' தென்னாப்பிரிக்க முரசுகளை இதற்குள் கொண்டுவந்தது. பம்பை கேட்டு வளர்ந்தவர்கள் அதை உடனே பிடித்துக்கொள்வார்கள். எக்ஸ்-டிரீமின் 'ரேடியோ' 1998-இல் வந்தது. எல்லாவற்றையும் கழித்துவிட்டு எலும்பை மட்டும் வைத்த ஆல்பம், எனக்கே பிடிபட இரண்டு ஆண்டுகள் ஆயின. அதை இப்போது தொடாதீர்கள்.

'சைகடெலிக்' என்ற பெயரைக் கண்டு வீட்டில் பயப்படுவார்கள் என்றால், பயத்தில் காரணம் இல்லாமல் இல்லை. இந்த இசையைச் சுற்றிப் போதைப்பொருள் பழக்கம் இருந்தது, இருக்கிறது. ஆனால் நான் இருபது ஆண்டுகளாகக் கேட்பது சுக்குக் காப்பியோடு. அம்மன் கோயிலில் பம்பைக்காரர் நடையை மாற்றி மாற்றி அடிக்க அடிக்க, காலையிலிருந்து உபவாசமிருந்த அக்காவுக்கு அருள் ஏறுவதைப் பார்த்தவர்களுக்குத் தாளம் தனியாக என்ன செய்யும் என்று யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை.

மறுபக்கத்தை முடித்துவிட்டு, அப்போதும் அறுந்து அறுந்துதான் கேட்கிறது என்றால், நண்பரையும் அழைத்துக்கொண்டு கடைக்கு வாருங்கள். பதினெட்டு அங்குலத்தில், பகல் நேரத்தில், விதி மீறாத சத்தத்தில் போட்டுக் காட்டுகிறேன். ஆடி மாதம் மட்டும் வேண்டாம். அப்போது கடையில் ஒரு ஸ்பீக்கர்கூட மிஞ்சாது.